மூலக்கூறு திரையில் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், பிரவுசர் இருந்தால் போதும் என்பதால்தான் மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டும் மோல்ஸ்டார், ஜேஎஸ்மோல், த்ரீடிமோல், வேதிப்பொருள்களின் தரவுத்தளமான பப்கெம் எல்லாம் வகுப்பறைக்குள் வந்தன. அதனாலேயே கோளாறு வந்தால் எங்கே என்று பிடிபடுவதில்லை. பிரவுசரா, நெட்டா, கேபிளா, இல்லை அந்த மூலக்கூறே அப்படித்தானா? சேலம் டவுனிலும் மேலே ஏற்காட்டிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

“சார், வரவே மாட்டேங்குது” என்று போனில் ஆரம்பிப்பவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: படமே வரவில்லையா, வந்த படம் தப்பாகத் தெரிகிறதா? படமே வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம். வந்த படம் தப்பாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது கோளாறே இல்லை. யாரோ ஆய்வகத்தில் கண்டுபிடித்துப் பதிவு செய்ததை மென்பொருள் அப்படியே காட்டுகிறது. இது புரியாமல் டிரைவரை அழித்து, பிரவுசரை அழித்து, நன்றாக ஓடிய மெஷினைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

புரதம், டிஎன்ஏ போன்றவற்றின் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளம் பிடிபி. அதன் எண்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பெட்டியில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

## பக்கம் திறக்கிறது, மூலக்கூறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி

பிரவுசருக்குள் முப்பரிமாணப் படம் வரையும் வசதிக்குப் பெயர் வெப்ஜிஎல். அது ஓடுகிறதா என்று பார்க்க கெட் டாட் வெப்ஜிஎல் டாட் ஆர்க் என்ற தளத்தைத் திறங்கள். ஒரு கனசதுரம் சுழன்றால் கம்ப்யூட்டரின் மேல் குற்றமில்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கனசதுரம் வரவில்லை என்றால்:

முதலில் வேறு பிரவுசரில் பாருங்கள். குரோமில் வராதது ஃபயர்ஃபாக்ஸில் வந்துவிட்டால் பாடத்தை அதில் முடித்துவிட்டு, குரோமைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

இரண்டிலும் இல்லையா? குரோமில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம். கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்றோ ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று யாராவது அதை அணைத்து வைத்திருப்பார்கள். ஆன் செய்து, பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள்.

அதுவும் இல்லை என்றால் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப்டாப்கள் இன்னும் பல பள்ளி பீரோக்களில் இருக்கின்றன. அதில் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் 115 நீள்ஆதரவுப் பதிப்புதான் விண்டோஸ் 7-க்குக் கடைசி.

அதன் பிறகுதான் கிராஃபிக்ஸ் டிரைவர். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வருவதைத் தொடவே வேண்டாம்.

லேபில் தின் கிளையன்ட் என்றால் இவ்வளவு பாடும் வீண். திரை உங்கள் முன்னால் இருக்கிறது, வேலை நடப்பது வேறொரு சர்வரில். அந்த சர்வரில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் நீங்கள் எதை மாற்றினாலும் வெப்ஜிஎல் சரியாக ஓடாது. சண்டை போடாமல் ஜேஎஸ்மோலுக்கு மாறுங்கள். அதற்கு வெப்ஜிஎல் தேவையில்லை. பெரிய புரதத்தில் திணறும், ஆனால் குளுக்கோஸ், காஃபீன், சின்ன டிஎன்ஏ எல்லாம் ஒழுங்காகச் சுழலும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: டிரைவர் போட்ட பிறகு நீலத்திரை வருகிறது, அல்லது திரையில் மூலக்கூறு இல்லாத நேரத்திலும் கோடு கோடாக வருகிறது. இது கிராஃபிக்ஸ் சிப் அல்லது போர்டு. டெக்னீஷியன் வேலை.

பழைய பாடப்பக்கம் ஒன்று “ஜாவா தேவை” என்று கேட்டால் ஜாவாவைத் தேடி அலையாதீர்கள். குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் அந்த பிளக்இன் வசதியையே எடுத்துவிட்டன. அந்தப் பக்கத்துக்கு ஜேஎஸ்மோல் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

## வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மூலக்கூறு வந்து சேரவில்லை

எண்ணைச் சரிபாருங்கள். ஹீமோகுளோபினுக்கான 1எச்எச்ஓ என்பதில் கடைசியில் இருப்பது ஓ என்ற எழுத்து. பூஜ்யம் அடித்தால் ஹீமோகுளோபின் வராது.

எண் சரி என்றால் போன் ஹாட்ஸ்பாட்டில் அதே பக்கத்தைத் திறங்கள். ஹாட்ஸ்பாட்டில் வந்து பள்ளி நெட்டில் வரவில்லை என்றால், பள்ளியின் ஃபயர்வால் மறிக்கிறது. பக்கம் திறக்கிறதே, எப்படி மறிக்கும் என்று கேட்பார்கள். பிடிபி அமைப்புகளைத் தரும் ஆர்சிஎஸ்பி தளத்தில் பக்கம் ஒரு முகவரியிலிருந்தும், மூலக்கூறின் தரவு மாடல்ஸ், ஃபைல்ஸ் என்று தொடங்கும் வேறு கிளை முகவரிகளிலிருந்தும் வருகின்றன. ஃபயர்வாலில் முதல் முகவரியை மட்டும் திறந்துவிட்டிருப்பார்கள். நெட்வொர்க் பார்ப்பவரிடம் ‘தளத்தைத் திறந்துவிடுங்கள்’ என்று சொல்லாமல், ‘அதன் கிளை முகவரிகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். இதை நீங்களே செய்ய முடியாது, முயலவும் வேண்டாம்.

இரண்டிலுமே வரவில்லை, மற்ற தளங்களும் திணறுகின்றன என்றால் நெட்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மேலே பனி இறங்கிய நாளில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்பதைவிட, கீழேயே கோப்பை இறக்கி எடுத்துப் போவது மேல். மோல்ஸ்டார் பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை அதன் மேல் இழுத்துப் போட்டாலே போதும். அதற்கு நெட் வேண்டியதில்லை.

பெரிய அமைப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பிடிபி வடிவக் கோப்பில் 99,999 அணுக்களுக்கு மேல் எழுத இடமில்லை. முழு ரைபோசோம் போன்றவற்றை எம்எம்சிஐஎஃப் என்ற புதிய வடிவத்தில்தான் இறக்க வேண்டும். ‘பிடிபி கோப்பு கிடைக்கவில்லை’ என்று வருவது இதனால்தான்.

## “உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல” என்று எல்லாத் தளமும் மிரட்டுகிறது

திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. சாயந்திரம் லேப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடும் பள்ளிகளில் இது சகஜம். தேதியைச் சரிசெய்தால் அன்றைக்கு ஓடும், மறுநாள் காலையில் மறுபடி பழைய தேதி. சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள். டெஸ்க்டாப்பைத் திறந்து பழக்கமிருந்தால் நீங்களே மாற்றலாம். லேப்டாப் என்றால் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

## வீட்டில் வந்தது, பென் டிரைவில் கொண்டுபோனால் பள்ளியில் வரவில்லை

இதில் இரண்டு வகை உண்டு.

மோல்ஸ்டாரில் சேமித்த காட்சி என்றால் கோப்பின் வால் என்னவென்று பாருங்கள். மோல்ஜே என்று முடிந்தால் நீங்கள் சேமித்தது ‘ஸ்டேட்’. எந்த மூலக்கூறு, என்ன நிறம், எந்தக் கோணம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. தரவை மறுபடி நெட்டிலிருந்து எடுக்கப் பார்க்கும். மோல்எக்ஸ் என்று முடிந்தால் அது ‘செஷன்’. தரவும் உள்ளேயே இருக்கும். பென் டிரைவுக்கு எப்போதும் செஷன்.

நீங்களே செய்த பாடப்பக்கம் என்றால் அதை டபுள் கிளிக் செய்து திறக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் மூலக்கூறுக் கோப்பைப் படிக்க பிரவுசர் விடாது. பாதுகாப்பு விதி அது. ஃபயர்ஃபாக்ஸ் முன்பு விட்டது, 2019-ல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் விடுவதில்லை. கம்ப்யூட்டரில் பைதான் இருந்தால் அந்த ஃபோல்டரிலிருந்தே சின்ன சர்வர் ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் 8000 என்ற முகவரியில் திறங்கள். பைதான் இல்லையென்றால் மூலக்கூறின் தரவைத் தனிக் கோப்பாக வைக்காமல் பக்கத்துக்குள்ளேயே எழுத்தாக ஒட்டிவிடுங்கள். சின்ன மூலக்கூறுகளுக்கு இதுவே சுலபம்.

## ஒரே பக்கத்தில் இருபது மூலக்கூறு வைத்தேன், முதலில் வந்தவை கருப்பாகிவிட்டன

அமினோ அமிலங்கள் பாடத்துக்கு இருபதையும் ஒரே பக்கத்தில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குரோம் ஒரே நேரத்தில் 16 வெப்ஜிஎல் பெட்டிகளைத்தான் உயிரோடு வைத்திருக்கும். பதினேழாவது திறந்ததும் முதலாவது போய்விடும். அதனால்தான் கீழே உருட்டும்போது எல்லாம் நன்றாக இருந்து, மேலே திரும்பி வந்தால் கிளைசினையும் அலனினையும் காணோம். போனில் இந்த வரம்பு இன்னும் குறைவு.

படங்களை வெறும் படமாக வைத்து, தொட்டால் மட்டும் ஒரே பெட்டியில் முப்பரிமாணமாகத் திறக்கும்படி செய்யுங்கள். த்ரீடிமோலில் ஒரே பெட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வசதியும் இருக்கிறது.

## தடுக்கித் தடுக்கிச் சுழல்கிறது

லேப்டாப் சார்ஜரைச் சொருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது மெஷின் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும்.

அப்புறம் காட்சி வகை. முழு மேற்பரப்பையும் காட்டும் ‘சர்ஃபேஸ்’ போட்டிருந்தால், சங்கிலியை நாடாவாக மட்டும் காட்டும் ‘கார்ட்டூன்’ ஆக்குங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் நோபல் வாங்கித் தந்த ரைபோசோம் வேலையைக் காட்டாமல் பாடத்தை முடிக்க நம் ஊர் ஆசிரியர்களுக்கு மனசு வராது. ரைபோசோமின் சிறிய பாதியான அந்த 30எஸ் அமைப்பின் எண் 1ஜே5இ. ஐம்பதாயிரத்துக்கு மேல் அணுக்கள். கார்ட்டூனில் பழைய மெஷினும் சமாளிக்கும். சர்ஃபேஸ் கேட்டால் உட்கார்ந்துவிடும்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் பிரவுசருக்கு ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ என்று வையுங்கள். இவ்வளவும் செய்து, ஃபேன் அலறி, பத்து நிமிடத்தில் மெஷின் தானாக அணைகிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. சர்வீஸ்.

## மூலக்கூறு காணாமல் போனது, அல்லது பாதி வெட்டப்பட்டுத் தெரிகிறது

கோளாறு இல்லை, கை பட்டிருக்கிறது. மோல்ஸ்டாரில் இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் சுழலும், வலது பொத்தான் நகர்த்தும், ஷிஃப்ட்டோடு சக்கரத்தை உருட்டினால் முன்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போகும். வலது ஓரத்தில் வளைந்த அம்புக்குறி உள்ள பொத்தானை அழுத்தினால் காட்சி பழைய நிலைக்கு வரும்.

ஒரு அமினோ அமிலத்தைத் தெரியாமல் கிளிக் செய்ததும் திரை உள்ளே பாய்ந்து, பக்கத்துக் குச்சிகளும் புள்ளிக்கோடுகளும் வந்தால், காலி இடத்தில் ஒரு கிளிக்.

## நிறம் தப்பாக இருக்கிறது

லேப்டாப் திரையையும் புரொஜெக்டரையும் ஒப்பிடுங்கள்.

லேப்டாப்பில் சரி, சுவரில் தப்பு: விஜிஏ கேபிள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியில் போகின்றன. சிவப்பு ஊசி தொடர்பு விட்டால் வெள்ளை இளநீலமாகும், சிவப்பு கருப்பாகும். கருப்புப் பின்னணியில் காட்டினால் ஆக்சிஜன் அணுக்கள் இருந்த இடமே தெரியாது. நீர் மூலக்கூறைக் காட்டி “ஆக்சிஜன் எங்கே டீச்சர்?” என்று பசங்கள் கேட்பது நியாயம்தான். இரு முனைகளிலும் திருகாணியை இறுக்குங்கள், வளைந்த ஊசி இருக்கிறதா பாருங்கள், வேறு கேபிள் மாற்றுங்கள். கேபிள் மாற்றியும் அதே நிறம் என்றால் போர்ட்டில் சாலிடர் விட்டிருக்கலாம். புரொஜெக்டரை நீங்கள் திறக்கக் கூடாது.

இரண்டிலும் தப்பு: தப்பே இல்லை. மோல்ஸ்டார் கார்பனைச் சங்கிலிக்கு ஒரு நிறமாகக் காட்டும். பாடப்புத்தகத்தில் பார்த்த சாம்பல் வராது. நிறம் தேர்வில் கார்பனையும் தனிமத்தின் நிறத்துக்கு மாற்றலாம். கார்ட்டூனில் ஒரு சங்கிலி சிவப்பாக இருப்பதற்கும் ஆக்சிஜனுக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பறையில் வெளிச்சம் அதிகம் என்றால் பின்னணியை வெள்ளையாக்குங்கள். திரைச்சீலை இல்லாத அறையில் கருப்புப் பின்னணி எடுபடாது.

## ஹீமோகுளோபினில் நாலு சங்கிலி என்று நடத்தினேன், இரண்டுதான் வருகிறது

அதிகம் வரும் போன் இதுதான். இதில்தான் ஆசிரியர் வகுப்பின் முன்னால் தடுமாறிப் போகிறார்.

1எச்எச்ஓ என்பது ஆக்சிஜன் ஏறிய மனித ஹீமோகுளோபின். படிகத்தில் ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா இரண்டும் தெரிந்தால், மீதி இரண்டும் சமச்சீரால் அப்படியே திரும்ப வருபவை. அதனால் கோப்பில் இரண்டை மட்டும் எழுதி, மீதியை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்ற கணக்கைப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்குப் பெயர் பயாலஜிக்கல் அசெம்பிளி.

மோல்ஸ்டாரில் வலப்பக்கப் பலகையில் ஸ்ட்ரக்சர் பகுதியில் டைப் என்று இருக்கும். அதில் ‘மாடல்’ என்றிருந்தால் கோப்பில் எழுதியது மட்டும். ‘அசெம்பிளி’ ஆக்கினால் நாலும் வரும். த்ரீடிமோலும் ஜேஎஸ்மோலும் தாமாகவே கணக்கைப் போடுவதில்லை, சொன்னால்தான் போடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 4எச்எச்பி எடுங்கள். 1984-ல் பதிவான, ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின். நாலு சங்கிலியும் கோப்பிலேயே இருக்கின்றன.

நேர்மாறான புகாரும் வரும்: “எட்டு சங்கிலி வருது சார்.” அரிவாள் செல் ஹீமோகுளோபின் 2எச்பிஎஸ் அது. அதில் இரண்டு முழு ஹீமோகுளோபின்கள் பக்கத்துப் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. தயவுசெய்து அதை நாலாகக் குறைக்காதீர்கள். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் வேலினாக மாறியதால் ஒரு ஹீமோகுளோபின் இன்னொன்றோடு ஒட்டுகிறது என்பதைக் காட்ட அந்த இரண்டாவது மூலக்கூறுதான் வேண்டும். டைப்பை ‘மாடல்’ ஆக்கி, அந்த வேலினைக் கிளிக் செய்து, எதன் மேல் போய்ப் பதிகிறது என்று காட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

ஒரே புரதம் பல நகல்களாக ஒன்றன்மேல் ஒன்று சிக்கிய நூல்கண்டாகத் தெரிந்தால் அது என்எம்ஆர் என்ற அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் கண்டறிந்தது. யூபிக்விட்டின் 1டி3இசட் கோப்பில் பத்து மாடல்கள் உண்டு. முதல் மாடலை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

## சர்க்கரை தட்டையாகக் கிடக்கிறது, அல்லது முப்பரிமாணமே கிடைக்கவில்லை

பப்கெமில் இரண்டு எஸ்டிஎஃப் கோப்புகள் உண்டு: இருபரிமாணம், முப்பரிமாணம். முதலில் கண்ணில் படுவது இருபரிமாணம், எல்லோரும் அதைத்தான் இறக்குகிறார்கள். சந்தேகம் என்றால் கோப்பை நோட்பேடில் திறங்கள். அணுக்களின் வரிகளில் முதல் மூன்று எண்கள் இடங்கள். மூன்றாவது எண் எல்லா வரியிலும் 0.0000 என்றே இருந்தால் அது தட்டைக் கோப்பு. வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை.

சோதிக்க ஏற்காட்டுக் காபியின் காஃபீனை எடுக்காதீர்கள். அதன் இரட்டை வளையம் நிஜமாகவே தட்டை. மெத்தில் ஹைட்ரஜன்கள் மட்டும் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். குளுக்கோஸை எடுங்கள், நாற்காலி வடிவம் தெரிய வேண்டும்.

முப்பரிமாணக் கோப்பே இல்லை என்றால் தேடுவதை நிறுத்துங்கள். ஹைட்ரஜன் நீங்கலாக 50 அணுக்களுக்கு மேல் உள்ளவை, அதிகம் வளைந்து நெளிபவை, உலோகம் உள்ளவை, உப்புகள் இவற்றுக்கு பப்கெம் அதைக் கணக்கிடுவதில்லை. மெக்னீசியம் நடுவில் உட்கார்ந்திருக்கும் குளோரோஃபில் இப்படித்தான் மாட்டும். பிடிபியில் சிஎல்ஏ என்ற மூன்றெழுத்தில் அது கிடைக்கும். நம் ஊர்ப் பசங்களுக்குச் சேகோ ஃபேக்டரியை வைத்து ஸ்டார்ச் நடத்த நினைத்தால் நீளச் சங்கிலியைத் தேடாமல் மால்டோஸை எடுங்கள். இரண்டு குளுக்கோஸ் ஆல்ஃபா 1,4 பிணைப்பில் எப்படிச் சேர்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

## மேக்னசைட் படிகம் கேட்டேன், மூன்று அணுக்கள்தான் வருகின்றன

மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே வைத்திருக்கும் ஊரில் இந்த மெக்னீசியம் கார்பனேட் படிகத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. படிகத் தரவுக் கோப்பைத் திறந்தால் ஒரு மெக்னீசியம், ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன். கார்பனேட்டுக்கு மூன்று ஆக்சிஜன் எங்கே என்று கேள்வி வரும். ஹீமோகுளோபின் கதைதான் இங்கும்: மீதி எல்லாம் சமச்சீரில். ஜேஎஸ்மோலில் வலது கிளிக் பட்டியலில் சிமெட்ரி பகுதிக்குப் போய் 1 1 1 என்று ரீலோட் கொடுங்கள். அலகு கூட்டில் ஆறு வாய்ப்பாட்டு அலகுகள், 30 அணுக்கள். கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் ஒரே தளத்தில் அமர்வதையும், மெக்னீசியத்தைச் சுற்றி ஆறு வருவதையும் காட்ட அது போதாமல் தோன்றினால் 2 2 2 கொடுங்கள்.

## சில்லறைக் கேள்விகள்

டிஎன்ஏ 1பிஎன்ஏ-வைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள்: படிகத்திலிருந்த நீர். வாட்டர் வரியில் கண் பொத்தானை அழுத்தினால் மறையும். ஹைட்ரஜனே இல்லை: எக்ஸ் கதிரில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரிவதில்லை, அதனால் எழுதவில்லை. சங்கிலி நடுவில் விட்டுவிட்டுக் கோடு: அந்தப் பகுதி அசைந்துகொண்டிருந்ததால் இடம் கிடைக்கவில்லை. மூன்றையும் யாரும் சரிசெய்ய வேண்டாம்.

## போன் செய்யும் முன்

டெக்னீஷியனையோ நெட்வொர்க் ஆளையோ கூப்பிடுவதாக இருந்தால் மூன்றைத் தயாராக வையுங்கள். முழுத் திரையின் ஸ்கிரீன்ஷாட், கடிகாரம் தெரியும்படி. ஹாட்ஸ்பாட்டில் வருகிறதா இல்லையா என்ற பதில். குரோம் முகவரிப் பட்டையில் குரோம், கோலன், இரண்டு சாய்கோடு, ஜிபியூ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பக்கத்தில் வெப்ஜிஎல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது. ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்றிருந்தால் டிரைவர் அல்லது கார்டு. ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட்’ என்றிருந்தால் அவர் மெஷினைத் திறக்கக் கேட்டாலும் விடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை.